கிளாட் ஆங்கிலத்தில் மதிப்பெண் போகும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிளாட் எனப்படும் சட்டப் படிப்பு நுழைவுத்தேர்வு குறித்துத் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஆங்கிலப் பகுதிக்கு இரண்டே மருந்து சொல்கிறது: வேகமாகப் படியுங்கள், தினமும் புதுச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்துகிறவர்களுக்குத் தெரியும், மதிப்பெண் போகும் இடம் வேறு என்று.

முதலில் நேரக் கணக்கு. 120 நிமிடம், 120 கேள்வி. அதில் ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 கேள்விகள். பெரும்பாலும் நான்கு பாசேஜ் (படித்து விடை சொல்ல வேண்டிய உரைப்பகுதி), ஒவ்வொன்றும் சுமார் 450 சொற்கள். ஒரு பாசேஜை பிளஸ் 2 மாணவர் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் படிக்கலாம் என்கிறது தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு. அப்படியானால் நான்கையும் படிக்கவே 20 நிமிடத்துக்கு மேல் போய்விடும். மூன்றரை நிமிடத்தில் படித்து, கேள்விக்கு அரை நிமிடம் என்று வைத்தால் நான்கும் சுமார் 26 நிமிடத்தில் முடியும். அதைவிட வேகம் வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் ஓட்டமாகப் படித்தவர்தான் கேள்விக்குக் கேள்வி மேலே போய்த் தேடி, மிச்சம் பிடித்த நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தொலைக்கிறார்.

இனி தவறு நேரும் இடம். ஒரு பாசேஜ் இப்படிப் போகிறது என்று வையுங்கள்: "மழைநீர் சேகரிப்பு அமைப்புகளால் பல ஊர்களில் நிலத்தடி நீர் உயர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் மண் மூடிக் கிடக்கும் குழியால் யாருக்கும் பயனில்லை. அமைப்பதில் காட்டிய கண்டிப்பைப் பராமரிப்பில் காட்டவில்லை." ஆசிரியரின் மையக் கருத்து என்ன? நான்கு ஆப்ஷன்கள் வரும். ஒன்று, சேகரிப்பு அமைப்புகளால் நீர்மட்டம் உயர்ந்தது. இரண்டு, பராமரிப்பு இல்லாவிட்டால் அமைப்பு பயன் தராது. மூன்று, கட்டாயத் திட்டத்தைக் கைவிட வேண்டும். நான்கு, பொதுமக்களின் அலட்சியமே காரணம்.

நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளையும் முதலாவதைத் தொடும். அது பாசேஜில் அப்படியே இருக்கிறது, பொய்யும் அல்ல. ஆனால் அது ஆசிரியர் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்த வரி. அவருடைய வாதம் 'ஆனால்' என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பட், ஹவெவர், யெட், நெவர்தெலஸ் வரும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதும். ஆல்தோ, அட்மிட்டட்லி என்று தொடங்கும் பகுதி விட்டுக்கொடுப்பு. அதற்குள் மையக் கருத்தைத் தேட வேண்டாம். மூன்றாவது, ஆசிரியர் போகாத தூரத்துக்கு அவரை இழுக்கிறது. நான்காவதுதான் பொல்லாதது: ஊரில் எல்லோரும் சொல்வதால் உண்மைபோல் ஒலிக்கும், பாசேஜிலோ யார் அலட்சியம் என்றே பேச்சில்லை.

இன்னும் இரண்டு கண்ணிகள் அடிக்கடி வரும். முன்பாதி சரியாகவும் பின்பாதி திரிந்தும் இருக்கும் ஆப்ஷன் ஒன்று. அவசரத்தில் முன்பாதியோடு நின்று டிக் அடித்துவிடுவார்கள். ஆப்ஷனின் கடைசிச் சொல் வரை படிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. மற்றது, பாசேஜின் சொற்களையே எடுத்துக் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பது. சொற்கள் பழகியவையாக இருப்பதாலேயே கை அங்கே போகிறது.

'இதிலிருந்து என்ன அனுமானிக்கலாம்' என்ற கேள்விக்கு விடை பாசேஜிலிருந்து ஓரடிதான் தள்ளி இருக்கும். பாசேஜ் 'பல' என்றால் 'பெரும்பாலான' என்ற ஆப்ஷன் தவறு. 'சில' என்றால் 'எல்லா' நிச்சயம் தவறு. சொற்பொருள் கேள்விக்கும் பட்டியல் அதிகம் கைகொடுக்காது. 'சாங்ஷன்' அனுமதியா தண்டனையா என்பதை அந்த வாக்கியம்தான் முடிவு செய்யும். ஆப்ஷன்களில் உள்ள நான்கு பொருளையும் மாறி மாறி அந்த இடத்தில் வைத்துப் படிப்பதே முறை.

சட்டப் பகுதியிலும் (28 முதல் 32 கேள்விகள்) இதே ஒழுக்கம்தான், இன்னும் கறாராக. பாசேஜில் தந்த விதியை, தந்த சூழலுக்குப் பொருத்துவது மட்டுமே வேலை. முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும். ஆனால் பாசேஜ் பழைய விதியைத் தந்திருந்தால் அந்த விதிப்படியே விடை. பொது அறிவுப் பகுதி நேர்மாறு. அங்கும் பாசேஜ் இருக்கும், விடை பெரும்பாலும் அதில் இருக்காது. தெரிந்தால் எழுதிவிட்டு நகர வேண்டும். அங்கே மிச்சமாகும் நிமிடங்கள் ஆங்கிலத்துக்கு உதவும்.

தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறைப்பு என்பதைக் காட்டிப் பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறோம். இரண்டு ஆப்ஷன்களைக் காரணத்தோடு தள்ளிவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பதன் சராசரி லாபம் 0.375 மதிப்பெண். ஒன்றை மட்டும் தள்ள முடிந்தாலும் லாபம்தான், சுமார் 0.17. விட்டுவந்தால் பூஜ்யம். ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு பாசேஜ் முடிந்ததும் வட்டங்களை நிரப்பிவிடுவது நல்லது. கடைசிக்குத் தள்ளினால் ஒரு வரி மாறி, வரிசையே குலையும். பேனாவால் நிரப்பியதைத் திருத்த வழியில்லை.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். கூட்டமைப்பின் இணையதளத்தில் உள்ள பழைய வினாத்தாள்கள் போதும், ஆனால் 2020 முதல் வந்தவை. பாசேஜ் முறை வந்ததே அப்போதுதான். முதல் சில வாரம் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியின் எண்ணை எழுதட்டும். தள்ளிய மூன்றுக்கும் ஒரே சொல்லில் காரணம்: மிகை, வெளிச்சரக்கு, பாதி மெய், தலைகீழ். ஓரிரு மாதத்தில் தான் எந்தக் கண்ணியில் விழுகிறோம் என்று மாணவருக்கே தெரிந்துவிடும். கடிகாரம் அதன்பிறகு வரட்டும்.

மாநில அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் 2 மதிப்பெண் போதும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ கிளாட் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன பிழைகளில் பாதி, தமிழ்க் கட்டுரையைப் படித்து விடை எழுதும்போதும் நேர்பவைதான். தங்கள் நாளிதழின் தலையங்கத்தையே எடுத்து, ஆசிரியர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை வலியுறுத்துகிறார் என்று இரண்டு வரி எழுதினால் அதுவும் கிளாட் பயிற்சியே.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வரும் சொற்பட்டியலின் இடத்தில் ஒரு சிறு பாசேஜும் ஒரே ஒரு கேள்வியும் வெளியிடுங்கள். விடையை மட்டும் தராமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நுழைவுத்தேர்வு ஆங்கிலப் பயிற்றுநர்கள்,
திருச்சி