தண்ணீர் மீட்டர் பணி: செயற்குழுவின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவான மீட்டர் வேலை, மூன்று மீட்டர் நீங்கலாக, ஒருவழியாக முடிந்தது. 48 வீட்டுக்கு 144 மீட்டர். வீட்டுக்கு மூன்று எதற்கு என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். மொட்டைமாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு ஒரு பைப், இரண்டு குளியலறைக்கும் ஒவ்வொன்று என்று டக்ட் வழியாகத் தனித்தனியாக இறங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே மீட்டரில் அடக்கவேண்டுமானால் வீட்டுக்கு வீடு டைல்ஸை உடைக்கவேண்டும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்?

வரவு செலவுக் கணக்கு ஆடிட்டர் கையெழுத்தோடு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்விக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஆள் வந்து பார்க்காமல் ரீடிங் எப்படிப் போகிறது?

மீட்டர் என்னவோ பழைய மாதிரிதான். தண்ணீர் ஓடினால் உள்ளே சக்கரம் சுற்றும், முகப்பில் எண் ஏறும். கறுப்பு எண்கள் கிலோலிட்டர்; சிவப்பு முள்கள் அதற்குக் கீழே உள்ள கணக்கு. 0.001 என்று போட்ட முள் ஓர் எண் நகர்ந்தால் 1 லிட்டர், ஒரு சுற்று வந்தால் 10 லிட்டர். அந்த முள்ளில் பொட்டு அளவுக்கு ஒரு காந்தம் இருக்கிறது. மீட்டர் மேல் கவ்விக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல், அதற்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கடக்கும்போது தகடுகள் ஒட்டும், போனதும் பிரியும். ஒரு தடவை ஒட்டினால் பெட்டி ஒன்று கூட்டிக்கொள்ளும். தண்ணீரை அளப்பது மீட்டர். பெட்டிக்கு எண்ணத்தான் தெரியும்.

முதலில் நான்கு வீட்டில் மாட்டிப் பார்த்தபோது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் கணக்கு ஏறியது. பைப்பில் காற்று சிக்கியிருந்தால், கீழ்வீட்டில் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மேல்வீட்டு லைனில் தண்ணீர் கொஞ்சம் முன்னும் பின்னும் அலையும். முள் சரியாகக் காந்தம் படும் இடத்தில் நின்றுவிட்டதால் அங்கேயே ஆடி ஆடி, ஓடாத தண்ணீருக்கு எண்ணிக்கை ஏற்றியிருக்கிறது. மாட்டியவர்கள் மீட்டர் பழுது என்று சாதித்தார்கள். பிளம்பர்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் டக்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். அப்புறம் இரண்டு குழல் வைத்த பெட்டியாகக் கேட்டு வாங்கினோம். எந்தக் குழல் முதலில் ஒட்டியது, எது அடுத்தது என்பதை வைத்துத் தண்ணீர் போகிறதா திரும்புகிறதா என்று அதற்குத் தெரியும். திரும்பினால் கழித்துவிடும். விலை கூடியது இதனால்தான்.

டக்டில் கரண்ட் கிடையாது, பெட்டி லித்தியம் பேட்டரியில் ஓடுகிறது. அடிக்கடி பேசினால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால், எண்ணுகிற நேரம் போகப் பெரும்பாலும் தூங்கும். மணிக்கொரு தடவை எண்ணிக்கையைக் குறித்து வைத்து, ஆறு மணிக்கொரு தடவை ரேடியோவில் அனுப்பும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அது. உங்கள் வீட்டு வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லிஃப்ட் அறை மேலிருக்கும் கேட்வே என்ற கருவி எல்லாப் பெட்டிகளின் செய்தியையும் வாங்கி, சிம் வழியாக சர்வருக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு தடவையும் மொத்த எண்ணிக்கையே போகும். நடுவில் ஒரு செய்தி தவறினாலும் அடுத்தது வந்தால் மொத்தக் கணக்கு சரியாகிவிடும்.

ஏ பிளாக் தரைத்தளத்தில் ஆறு பெட்டிகள் வாயே திறக்கவில்லை. டக்டின் இரும்புக் கதவுதான் காரணம். ஃபைபர் கதவு போட்ட அன்றே பேச ஆரம்பித்துவிட்டன. இதைவிடப் பெரிய தலைவலி, இரண்டு வீட்டு லேபிள் மாறிப்போனது. ஊரில் இல்லாதவருக்கு எட்டு கிலோலிட்டர், ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு அரை. ஒவ்வொரு குழாயாகத் திறக்கச் சொல்லி, எந்த மீட்டர் முகப்பில் உள்ள குட்டிச் சிவப்புச் சக்கரம் சுற்றுகிறது என்று பார்த்துத் திருத்தினோம். பிறகு 141 மீட்டருக்கும் இதே சோதனை செய்தாயிற்று. இருவரிடமும் குழு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சி பிளாக்கில் ஒரு வீட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கணக்கு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் ஃப்ளஷ் டேங்க் வால்வு ஒழுகுகிறது, சத்தமே இல்லாமல். எத்தனை மாதமாகவோ! அத்தனையும் லாரித் தண்ணீர்.

தகராறு வந்தால் மீட்டர் முகப்பில் உள்ள எண்தான் கணக்கு. பெட்டி பூஜ்யத்தில் தொடங்குவதால், மாட்டிய அன்றிருந்த முகப்பு எண்ணைக் கையால் ஏற்றியிருக்கிறார்கள். அன்று முகப்பை எடுத்த படங்கள் ஆபீசில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். டேங்க் காலியான நாளில் மட்டும் குழாயைத் திறந்து வைக்காதீர்கள். திரும்பத் தண்ணீர் வரும்போது முன்னால் தள்ளப்படும் காற்றும் மீட்டரைச் சுற்றும்.

மீதமுள்ள மூன்றும் சி பிளாக் மூன்றாம் மாடியில். பழைய இரும்பு பைப், மரை துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறது. வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை அந்த லைனை அறுத்து மாற்றுகிறோம். சி பிளாக்கில் அந்த நேரம் தண்ணீர் வராது, வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்குழு சார்பில்,
செயலாளர்