மஞ்சள் நட்சத்திரத்தை உயர்த்திப் பிடித்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையில், டிசம்பரின் ஒரு சனிக்கிழமை மாலை, என் நான்கு வயது மகனை என் கையில் திருப்பித் தந்தவர்கள் நீங்கள். உங்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளும் நிதானம் அன்று எனக்கு இல்லை. கடைக்காரர்கள் இருவருக்கும் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதி, மறுவாரமே நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்களில் ஒருவர் தமிழர். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எர்லாங்கனில் வசிக்கிறோம். அங்கிருந்து ரயிலேறினால் நியூரம்பெர்க் அதிக தூரமில்லை. கணவருக்கு அன்று வேலை. நானும் பிள்ளைகளும் மட்டும் கிளம்பினோம். ஒன்பது வயது மகள் பள்ளியில் கேட்டதையெல்லாம் வழி நெடுக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். 1628ஆம் ஆண்டு என்று எழுதிய ஒரு மரப்பெட்டிதான் அந்தச் சந்தைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று என்பதை நான் அவளிடமிருந்துதான் அறிந்தேன்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மாதா கோயிலின் கடிகாரத்தின் கீழே நின்றோம். 1509ஆம் ஆண்டில் செய்த கடிகாரம் அது. மணி அடித்ததும், நடுவில் அமர்ந்திருக்கும் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி ஏழு சிற்றரசர் பொம்மைகள் வலம் வருகின்றன. சின்னவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். கதவு மூடியதும், "அந்தக் குட்டி மாமாக்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டான். சாப்பிடப் போயிருப்பார்கள் என்றேன். அந்தப் பதில் என்ன செய்தது என்பது நான்கரை மணிக்குத்தான் தெரிந்தது.

சதுக்கத்தின் ஒரு மூலையில் கோபுரம் போன்ற பழைய நீரூற்று இருக்கிறது. அதன் இரும்பு வேலியில் ஒரு பொன்னிற வளையம். அதைத் திருகினால் நினைத்தது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. மகளுக்கு வளையம் எட்டவில்லை. இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கினேன். அதற்குச் சின்னவன் கையை விட வேண்டியிருந்தது. அவள் திருகி முடித்து, நான் அவளை இறக்கித் திரும்பியபோது அவன் அங்கே இல்லை.

அந்தச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏறக்குறைய 180 மரக்கடைகள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. பகலில் கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்த அந்தக் கூரைகள் இருட்டியதும் எனக்கு எதிரியாகிவிட்டன. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏற்கெனவே வந்த சந்து போலவே இருந்தது. கைபேசியை எடுத்தேன், குளிரில் அணைந்து கிடந்தது.

தொத்திறைச்சிக் கடை வரிசையில் நின்ற இளைஞரே, முதலில் உங்களுக்கு. நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே வரிசையை விட்டு வந்தீர்கள். கைபேசியை வாங்கி உங்கள் மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றி, பிறகுதான் உங்கள் பவர் பேங்கில் செருகினீர்கள். குளிர்ந்த பேட்டரி உடனே உயிர்பெறாது என்பதை அறிந்து செய்தீர்கள். திரை ஒளிர்ந்ததும் தெரியாத எண் ஒன்றிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. என் கை நடுங்கியது. எடுத்துப் பேசி, வழி கேட்டதும் நீங்கள்தான்.

அழைத்தவர் உலர்பழ பொம்மைக் கடை அம்மையார். அந்த ஊருக்கே உரிய பொம்மைகள் அவை: உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கைகால், வால்நட் கொட்டையில் வரைந்த முகம். என் மகன் அந்தப் பொம்மைகளைப் பார்த்ததும் கடிகாரத்துக் குட்டி மாமாக்கள் சாப்பிட இறங்கி வந்துவிட்டார்கள் என்று நினைத்தானாம். அம்மையாரே, தனியாக நிற்கும் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தாயைத் தேடி அலையத்தான் யாருக்கும் தோன்றும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கடைக்குள் முக்காலியில் உட்கார வைத்து, அவன் இருக்குமிடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தீர்கள். பெயரைக் கேட்டால் வாய் திறக்காதவனின் விரல்கள் சில்லிட்டிருக்கின்றன என்று கையுறையைக் கழற்றித் தேய்த்துவிட்டீர்கள். அப்போதுதான் மணிக்கட்டில் காலையில் நான் பேனாவால் எழுதியிருந்த எண் உங்கள் கண்ணில் பட்டது. (பிள்ளைகளோடு போகும் பெற்றோரே, எண்ணை எழுதுங்கள். ஆனால் கையுறையும் சட்டைக்கையும் மூடாத இடத்தில், மேலங்கிக்கு வெளியே தெரியும்படி எழுதுங்கள்.)

எந்தக் கடை என்று சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்? அங்கேதான் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் காகித நட்சத்திர விளக்கைக் கழற்றி ஒரு கம்பில் மாட்டி, பெட்டி மேல் ஏறி நின்று கூரைகளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். டிசம்பரில் நம் ஊர்க் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் தொங்குமே, அதே மாதிரி நட்சத்திரம். இளைஞர் விரல் நீட்டிக் காட்ட, அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஐயா, நான் வந்து சேரும்வரை நீங்கள் கையைத் தாழ்த்தவில்லை. உங்கள் கடை முன்னால் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். அவர்களும் முணுமுணுக்காமல் வழிவிட்டார்கள்.

மகன் ஒரு கோப்பைச் சூடான பழரசத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்த பிறகுதான் அழுதான். அந்த அம்மையார் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "எப்படிக் கையை விட்டாய்?" என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. மகனைக் கண்டுபிடித்துத் தந்ததற்கு ஒரு நன்றி என்றால், இதற்கு இன்னொரு நன்றி. இதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அழுகை ஓய்ந்ததும் அவன் கேட்டது குதிரை ராட்டினம். சிறுவர் சந்தையில் ராட்டினம் ஓட்டுபவரே, குதிரைக்குப் பக்கத்தில் நான் அவனைப் பிடித்தபடி நிற்கலாமா என்று கேட்டதும் சரி என்று தலையசைத்தீர்கள். நன்றி.

கடைசியாக, யாழ்ப்பாணத்துத் தமிழில் பேசிய அம்மாவுக்கு. நான் மகனைத் தேடி ஓடியபோது நீரூற்றின் பக்கத்தில் விம்மிக்கொண்டு நின்றாள் என் மகள். தான் வளையத்தைத் திருக ஆசைப்பட்டதால்தான் தம்பி தொலைந்தான் என்று அந்தக் குழந்தை நம்பிவிட்டாள். நீங்கள் என்னைத் தங்கச்சி என்று அழைத்து, போய்த் தேடு, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவளை விட்டுப் போனேன். நான் திரும்பியபோது அவள் அழவில்லை. தம்பி கிடைக்க வேண்டும் என்று நினைத்து வளையத்தை இன்னொரு முறை திருகச் சொல்லித் தூக்கிப் பிடித்தீர்களாம். அவளுடைய மனப்பாரத்தை இறக்கிவைத்தவர் நீங்கள்.

போகும் அவசரத்தில் அவள் தோளில் நீங்கள் போர்த்திய அரக்கு நிறக் கம்பளிச் சால்வை எங்களோடு வந்துவிட்டது. ரயிலில்தான் கவனித்தேன். ஓரத்தில் கையால் பின்னிய வெள்ளைப் பூக்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியவர் யாரோ பின்னித் தந்ததாக இருக்க வேண்டும். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இதை நீங்களோ உங்களை அறிந்தவர்களோ படித்தால், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிவியுங்கள். பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கையில் தருகிறேன்.