செயலாளரின் ஆண்டறிக்கை: ஒன்ராறியோ ஏரியில் நம் பாய்ப்படகுப் பருவம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறவுகளே, முதன்முதலாகப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழமையாகச் செயலாளர் அறிக்கை கூட்டங்களின் எண்ணிக்கை, வரவுசெலவு, நன்றியுரை என்று ஓடி முடிந்துவிடும். இந்த முறை அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லப்போகிறேன். அன்று நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அந்தப் படகில் இருந்தேன். பிழையில் பெரும்பங்கு என்னுடையது. ஆகவே அது சங்கத்தின் பதிவில் எழுத்தாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் சங்க அலுவல். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். 25 அடிப் படகின் அடிப்பாகத்தை ஏப்ரலில் சுரண்டிப் பூச்சுப் பூசினோம். அந்த இரண்டு வார இறுதிகளும் குளிரில் வந்து நின்றவர்களுக்கு நன்றி. சிறுவர்களின் சின்னப் படகுகளுக்குப் புது சுக்கான் தடிகள் போட்டாயிற்று. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

மே மாதம் படகுகளை நீரில் இறக்கிய அன்று, 2022 மே 21-ஐப் புதியவர்களுக்கு நினைவூட்டினேன். அதுவும் ஒரு நீண்ட வார இறுதிச் சனிக்கிழமை. பருவத்தின் முதல் ஓட்டத்துக்கு எல்லோரும் ஆசையாகக் கிளம்பும் நாள். தெற்கு ஒன்ராறியோ முழுவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போன அந்த இடிமின்னல் புயல் வரிசையில் ரொறன்ரோ விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீற்றர் அளவில் பதிவானது. அப்படியான காற்று வந்தால் பாயைக் குறைக்க நேரம் இருக்காது. மேற்கு வானம் கறுக்கத் தொடங்கும்போதே பாய் முழுவதும் இறக்கிக் கட்டப்பட்டிருக்கவேண்டும். அதனால்தான் இந்த ஆண்டு முதல், படகில் ஒருவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல் வானிலை வானொலியையும் மேற்குத் திசையையும் கவனிக்கும் பொறுப்பை மட்டும் கொடுத்தோம். பிள்ளைகள் அந்தப் பொறுப்பைப் பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்தார்கள்.

யூலையில் சிறுவர்களுக்குக் கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பயிற்சி. அந்த வாரம் மூன்று நாள் மேற்குக் காற்று பலமாக வீசியிருந்தது. வெயில் கொளுத்தியது, எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு வந்துவிட்டோம். நான் தண்ணீரில் கையை வைத்ததும் இழுத்துக்கொண்டேன், ஐஸ் பெட்டிக்குள் விட்டதுபோல் இருந்தது. மேற்குக் காற்று நீடித்து அடித்தால் வடகரையில் மேலே கிடக்கும் சூடான நீர் ஏரியின் நடுப்பக்கம் தள்ளப்படும், அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். ஒரே நாளில் 20 பாகையிலிருந்து 10 பாகைக்குக் கீழே இறங்குவது ஒன்ராறியோ ஏரியில் அதிசயமல்ல. அன்று பயிற்சியை அரைமணி நேரத்தில் நிறுத்தினோம். அதற்கு முன் குதித்த ஒரு பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான், பேச முடியவில்லை. பாதுகாப்பு அங்கி அணிந்திருந்ததால் அவன் தலை நீருக்கு மேலே நின்றது.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இதை 1–10–1 என்று சொல்லிக்கொடுக்கிறார். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் அங்கி இல்லாதவருக்கு மற்ற இரண்டும் வராமலே போகலாம். நம்மில் பலர் உப்புக்கடலில் நீந்திப் பழகியவர்கள். நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை வீதம் இலேசானது, நம் உடம்பு அந்த அளவுக்குக் கீழே இறங்கித்தான் மிதக்கும். "எனக்கு நீந்தத் தெரியும்" என்று அங்கியைக் கழற்றி இருக்கையில் போடும் அண்ணன்மாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம்.

சரி, செப்டெம்பருக்கு வருகிறேன்.

25 அடிப் படகை விட்பித் துறையிலிருந்து ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்குக்கு எடுத்துவரவேண்டியிருந்தது, ஏறத்தாழ 16 கடல்மைல். மூன்று பேர் போனோம்: வல்வெட்டித்துறை ஐயா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், நான். முன்னறிவிப்பு கிழக்குக் காற்று 15 நொட், மாலையில் 25 என்று சொன்னது. ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல், 1.85 கிலோமீற்றர். மாலைக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது முதல் பிழை. முன்னறிவிப்பில் சொல்லும் நேரத்தை மணிக்கூட்டு நேரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

கிழக்குக் காற்றை ஊரில் கொண்டல் என்போம், மழை கொண்டுவரும் நல்ல காற்று. ரொறன்ரோக் கரையில் நிற்பவருக்கு அது வேறு முகம் காட்டும். ஏரியின் நீளம் 311 கிலோமீற்றர். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தடையில்லாத தண்ணீர் கிடைக்கிறது. அவ்வளவு தூரமும் அலை வளர்ந்து வளர்ந்து நம் கரைக்கு வந்துதான் உடைகிறது. மேற்குக் காற்றில் கரை நம்மைக் காக்கும், கிழக்குக் காற்றில் அதே கரைதான் ஆபத்து.

காற்று முதுகுப் பக்கம். முழுப்பாய். படகு அன்னம்போல் ஓடியது, தம்பி பாட்டுப் போட்டார், பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம். இங்கேதான் காற்று ஏமாற்றும். அதன் வேகம் அப்போது 22 நொட்டாக ஏறிவிட்டது. நாங்கள் அதே திசையில் 6 நொட்டில் ஓடியதால் எங்கள் மேல் பட்டது 16 மட்டும். திரும்பிக் காற்றைச் சரிவாக எதிர்கொண்டு சற்று மெதுவாக ஓடினாலும் அதே காற்று ஏறத்தாழ 26 ஆகும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது, ஆகவே பாயில் விழும் பாரம் இரண்டரை மடங்குக்கும் மேல். பின்காற்றில் ஓடும்போது அடிக்கடி திரும்பிப் பார்த்து அலைகளின் முதுகில் வெள்ளை எவ்வளவு என்று கவனிக்கவேண்டும். நாங்கள் முன்னால் ஸ்காபரோ மண்மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு அலை படகின் பின்புறத்தைத் தூக்கி ஒருக்களித்தது. சுக்கான் நான் பிடித்திருந்தேன், அரை விநாடி தாமதித்துவிட்டேன். காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது. பாயின் கீழ்த்தடி இடமிருந்து வலம் ஒரே வீச்சாக வந்து தம்பியின் தோளில் அடித்தது. அவர் அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் குனிந்திருந்தார். குனியாமல் இருந்தால் தலையில் பட்டிருக்கும். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பாயைக் குறைக்கவேண்டும் என்றேன். ரீஃப் கயிற்றை, அதாவது பாயின் கீழ்ப்பகுதியை இறக்கிக் கட்டிப் பாயைச் சிறிதாக்கும் கயிற்றைத் தேடினேன், இல்லை. ஏப்ரலில் பாயைக் கழுவுவதற்காக அந்தக் கயிற்றை நானே உருவியெடுத்தேன். சுருட்டி, முன்னறையில் கம்பளிப் பைக்கு அடியில் வைத்தேன். திரும்பக் கோர்க்கவில்லை. கோடையில் அந்தப் படகு ஓடிய நாள்களில் தென்றல்போல் காற்று இருந்ததால் யாருக்கும் அது தேவைப்படவுமில்லை.

புளஃபர்ஸ் பார்க் துறையின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று கடல்மைல்தான், அரைமணி நேரத்தில் உள்ளே போய்விடலாம் என்று மனம் சொன்னது. தூரக்கண்ணாடியில் பார்த்தால் வாசலுக்குக் குறுக்கே அலை உடைந்து வெள்ளையாகக் கிடந்தது. மணல் சேரும் இடம். கற்சுவரில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் அங்கே ஒன்றையொன்று குத்திக்கொண்டு நின்றன. இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். பின்னால் தொங்கும் இயந்திரம்தானே, ஒவ்வொரு அலைக்கும் அதன் விசிறி நீரைவிட்டு வெளியே வந்து அலறியது. அதை நம்பி அந்த வாசலுக்குள் போனால், நடுவில் ஒருமுறை இழுவை விட்டாலும் கல்லில்தான் முடியும்.

ஐயா அதுவரை பேசவில்லை. "தம்பி, உந்த வாசலைப் பாக்காதை. வெளியாலை திருப்பு. நிண்டு வேலை பாப்பம்" என்றார்.

படகை நிறுத்திப் போடுவதை ஐயா செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். முன்பாயைச் சிறு துண்டளவுக்குச் சுருட்டினார். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்குக் குறுக்கே திருப்பி மறுபக்கம் கொண்டுவந்தார். ஆனால் முன்பாயின் கயிற்றை அவிழ்க்கவில்லை, பாய் தவறான பக்கமே நின்று காற்றை முகத்தில் வாங்கியது. பெரிய பாயின் கயிற்றைத் தளரவிட்டார். படகின் ஓட்டம் நின்றதும் சுக்கான் தடியைக் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளிக் கட்டினார். முன்பாய் அணியத்தைக் காற்றை விட்டு வெளியே தள்ள, சுக்கான் காற்றை நோக்கி இழுக்க, இரண்டும் சமப்பட்டுப் படகு அலைக்குக் கொஞ்சம் சரிவாக நின்றுவிட்டது. அணியம் தென்கிழக்கே, ஏரியின் நடுவைப் பார்த்து இருக்கும்படி பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். படகு முன்னோக்கி ஊர்ந்தாலும் கரையை விட்டு விலகித்தான் ஊரும்.

அந்த அமைதியை அனுபவித்தால்தான் தெரியும். அதே காற்று, அதே அலை, ஆனால் இரைச்சல் பாதியாகிவிட்டது. பாதுகாப்புப் பட்டியைக் கொளுவிக்கொண்டு நான் பாய்மரத்தடிக்குப் போனேன். பாயைப் பாதியளவு இறக்கி, முன்விளிம்பு வளையத்தைக் கொக்கியில் மாட்டினேன். பிறகு பின்விளிம்பு வளையத்தில் சாதாரணக் கயிற்றுத் துண்டைக் கோர்த்துக் கீழ்த்தடியோடு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இருபது நிமிடம் எடுத்தது. காற்று தள்ளியதில் படகு கரைப்பக்கம் வழுகியது அரைக் கடல்மைலுக்கும் குறைவு.

அப்புறம் புளஃபர்ஸ் பார்க்கை விட்டுவிட்டு, குறைத்த பாயோடு இன்னும் ஏழு கடல்மைல் ஓடி, லெஸ்லி வீதி முனையைச் சுற்றி வெளித்துறைமுகத்துக்குள் போனோம். ஐந்து கிலோமீற்றர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் அந்த மண்திட்டு கிழக்குக் காற்றுக்குச் சுவர்போல் நிற்கிறது. அதன் மறுபக்கம் திரும்பியதும் தண்ணீர் குளம்போல் இருந்தது. தம்பியின் தோள் எலும்பு முறியவில்லை, ஆறு வாரத்தில் சுகமானார். இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார்.

இந்த ஆண்டு நம் அங்கத்தவர் இருவர் ஈரி ஏரியிலும் ஓடிவிட்டு வந்தார்கள். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், ஈரியில் 19 மட்டும். ஆழம் குறைந்தால் பயம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் காற்று எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அங்கே அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் பின் ஒன்றாக வந்து விழும் என்று அனுபவித்துச் சொன்னார்கள்.

குளிர்காலப் பேச்சு சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 இரவு 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பற்றியது. 222 மீற்றர் நீளக் கப்பல். அதைக் கேட்டபின் ஒக்டோபர் கடைசிவரை படகை நீரில் வைத்திருக்கலாமா என்ற கேள்வியை யாரும் திரும்ப எழுப்பவில்லை. அதே கூட்டத்தில் ஐயா அன்னபூரணியைப் பற்றிச் சொன்னார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல், 1938-இல் நம் ஊர்க் கடலோடிகள் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைவரை பாயிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தது இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம்.

செயற்குழு சபையின் முன் வைக்கும் தீர்மானங்கள் மூன்று. சங்கப் படகு எதுவும் ரீஃப் கயிறு கோர்க்கப்படாமல் துறையை விட்டுப் போகக்கூடாது. துறையில் கட்டியிருக்கும்போதே ஒருமுறை பாயைக் குறைத்துக் காட்டவேண்டும், அதைப் பொறுப்பாளர் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். அடுத்தது, 15 நொட்டுக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் குறைத்த பாயோடுதான் கிளம்பவேண்டும். காற்று விழுந்தால் அவிழ்ப்பது சுலபம், எழுந்தபின் கட்டுவது எவ்வளவு பாடு என்பதை மேலே எழுதிவிட்டேன். மூன்றாவது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திட்டத்தில் இரண்டாவது துறை ஒன்றின் பெயர் இருக்கவேண்டும். போகவேண்டிய துறை காற்றடிக்கும் கரையில் இருந்தால் எங்கே திரும்புவது என்பதை வீட்டில், வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து முடிவுசெய்யவேண்டும். இதோடு, வி.எச்.எஃப். வானொலி இயக்கும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு பெப்ரவரியில் வகுப்பு நடத்துகிறோம். 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு படகிலும் ஒட்டியிருக்கிறோம், பதற்றத்தில் ஆங்கிலம் வராதவர்களும் பார்த்து வாசிக்கலாம்.

படகுகளைக் கரையேற்றி மூடியாயிற்று. பாய்களைத் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறோம். 25 அடிப் படகின் பெரிய பாயில் ரீஃப் வளையங்கள் மூன்றுக்குப் புதுத் துணி வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். கயிற்றை இம்முறை உருவவில்லை. சிவப்பு நூல் கட்டி அடையாளமிட்டு, கீழ்த்தடியிலேயே விட்டிருக்கிறேன். ஏப்ரலில் பாயை ஏற்றும்போது வந்து பார்க்கலாம்.

இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி.

செயலாளர்