எங்கள் ஜாஸ் குழுவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

22 பேர் கொண்ட எங்கள் குழுவின் முதல் கச்சேரி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நல்லபடி நடந்து முடிந்தது. மேடையில் நின்றவர்களுக்கு அன்றைக்கே கைதட்டல் கிடைத்துவிட்டது. மேடைக்கு வராதவர்களுக்கும் நாலு பேர் அறிய நன்றி சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

பெரிய ஜாஸ் குழு கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத காரியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பேர்பெற்ற குழுக்களே சம்பளமும் பயணச் செலவும் தாங்காமல் கலைந்தன. நாங்கள் வாசிப்பதுபோன்ற பரிசோதனை இசைக்கு டிக்கெட் வருமானத்தை நம்பவும் முடியாது. ஆனாலும் சிலர் விடவில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சன் ரா தன் ‘ஆர்கெஸ்ட்ரா’ குழு ஆட்களோடு பிலடெல்ஃபியாவில் ஒரே வீட்டில் குடியிருந்து, நேரகாலம் பாராமல் ஒத்திகை நடத்தினார். 1993இல் அவர் மறைந்த பிறகும் குழு நிற்கவில்லை. அந்தக் குழுவில் 1924இல் பிறந்த மார்ஷல் அலன் நூறு வயதிலும் சக்ஸபோனும் கையுமாக இருந்தார். சிக்காகோவில் பியானோக் கலைஞர் மூஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் 1960களின் தொடக்கத்தில் ஓர் ஒத்திகைக் குழு வைத்திருந்தார். அதில் வேர்விட்டதுதான் 1965இல் உருவான ஏஏசிஎம் என்ற இசைக் கலைஞர் சங்கம். அந்தக் கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே எழுதி, தாங்களே கச்சேரி ஏற்பாடு செய்து வாசித்தார்கள். எனக்குத் துணிவு தந்தவர்கள் இவர்கள்.

ஆனால் துணிவு மட்டும் இருந்தால் கதிரை போட்டுக் கொடுக்க ஆள் வருமா? தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த சபையாருக்கும், ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்பே வந்து கதிரைகளை அரைவட்டமாக அடுக்கிவைத்த பராமரிப்பாளர் ஐயாவுக்கும் முதல் நன்றி. அரைவட்டம் அழகுக்கு அல்ல. எங்கள் இசையில் பாதி தாளில் இல்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் புட்ச் மோரிஸ் 1985 முதல் வளர்த்தெடுத்த ‘கண்டக்‌ஷன்’ முறையைத் தழுவி, கைச்சைகையால் அந்த இடத்திலேயே இசையை அமைக்கிறோம். குழுவை நடத்தும் நான் நெற்றியைத் தொட்டு இரண்டு விரல் காட்டினால், ‘இப்போது வாசிப்பதை இரண்டாம் எண்ணாக நினைவில் வை’ என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்து அதே சைகை வந்தால் அதே வாசிப்பு அப்படியே திரும்ப வரவேண்டும். ஒருவருக்கு என் கை மறைந்தாலும் அந்த இடம் சிதறிப்போகும். ஐயாவுக்கு இதை யாரும் விளக்கவில்லை. ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, பின்வரிசைக்குப் பலகை வைத்து உயர்த்தினார்.

தாளில் எழுதிய மறுபாதிக்கான நன்றி, அதைப் பிரதி எடுத்த அக்காவுக்கு. பியானோவில் ‘சி’ என்ற சுரமாகக் கேட்பதை ட்ரம்பெட்டுக்கு ‘டி’ என்றும் ஆல்டோ சக்ஸபோனுக்கு ‘ஏ’ என்றும் மாற்றி எழுதவேண்டும். அதைக் கணினி செய்துவிடும். ஆனால் பக்கம் புரட்ட எந்த இடத்தில் கை ஓய்வாக இருக்கும் என்று கணினி பார்ப்பதில்லை. அக்கா பார்த்தார், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக. வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு.

மிருதங்க ரீச்சருக்கு என்ன சொல்வது! திருச்சி சங்கரன் 1971 முதல் யோர்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த ஊர் இது. அந்தக் காற்று இன்னும் வீசுகிறது. ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் உள்ள 32 மாத்திரையில் 17 விட்டு, மிச்சம் 15இல் ‘தா தி கி ண தொம்’ மூன்று முறை. அடுத்த அடி சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தில், விழவேண்டும். ரீச்சர் முதலில் வாத்தியங்களை மடியில் வைக்கச் சொன்னார். ட்ரொம்போன்காரர்கள் மூவரும் கையில் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழகினார்கள். ஒருநாள் எல்லாரும் ஒன்றாகச் சமத்தில் வந்து இறங்கினோம். அன்றைக்குத்தான் நாங்கள் குழுவானோம் என்பேன்.

பாஸ் வாசிக்கும் பெரியவர், ரொறன்ரோவில் பரிசோதனை இசைக்கான மியூசிக் கேலரி அரங்கம் தொடங்கிய 1976 தொட்டே இந்த இசையோடு வாழ்கிறவர். 22 பேரும் ஒன்றாக வாசித்தால் சந்தை இரைச்சல்தான் வரும். அதற்கு அவர் சொல்லித்தந்த பயிற்சி: உங்களிடமிருந்து மிகத் தூரத்தில் இருப்பவரின் ஒலி காதில் விழாவிட்டால் நீங்கள் நிறுத்துங்கள். இன்றும் ஒவ்வொரு ஒத்திகையையும் அதில்தான் தொடங்குகிறோம்.

ஒத்திகை நாள்களில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்த குடும்பங்களுக்கு, பனியில் பாரிட்டோன் சக்ஸபோனைக் காரில் ஏற்றி இறக்கிய தம்பிமாருக்கு, புரியாத இசை என்று எழுந்து போகாமல் கடைசிவரை இருந்து கேட்ட அம்மாமாருக்கு, மனமார்ந்த நன்றி. தமிழ் வாசிக்காத நண்பர்களுக்கு இதையெல்லாம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

கச்சேரிக்கு எழுதிய தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பள்ளிக்கூட பாண்டுக் குழுக்கள் கேட்டால் இலவசமாகத் தருவோம், அக்கா சம்மதித்துவிட்டார்.

அன்புடன்,
குழுவினர் சார்பில்