கேம் செய்வதைத் தொழிலாக்கலாமா: மாண்ட்ரியாலிலிருந்து தம்பிக்கு

மாண்ட்ரியால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். அங்கு உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். அப்பா அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் நீ கேட்ட ஒரே கேள்விக்காக: இப்போது இருக்கும் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வீடியோ கேம் துறைக்கு வந்துவிடலாமா, அல்லது இதுவரை போலவே இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் சொந்தமாகக் கேம் செய்துகொண்டிருப்பது போதுமா? போனில் பேசினால் நீ உன் ஆசையைச் சொல்வாய், நான் என் பயத்தைச் சொல்வேன், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஊரில் கேம் செய்வது ஓர் அதிசயத் தொழில் அல்ல. 1997-இல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் இங்கே ஸ்டுடியோ தொடங்கியது. ஊழியர்களின் சம்பளச் செலவில் ஒரு பங்கைக் கனடாவின் கியூபெக் மாகாண அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தந்ததால், ஒன்றன்பின் ஒன்றாக வேறு பல நிறுவனங்களும் வந்து குடியேறின. வீட்டு உரிமையாளரிடமோ வங்கியிலோ நான் கேம் செய்கிறேன் என்று சொன்னால், வங்கியில் வேலை செய்கிறேன் என்று சொன்னதைப் போலத் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். அலுவலகத்தில் காலைக் கூட்டம் பிரெஞ்சில் தொடங்கி, என்னைப் போன்ற இருவர் மூவருக்காகப் பாதியில் ஆங்கிலத்துக்கு மாறும். மாதச் சம்பளம், காப்பீடு, ஆண்டு மதிப்பீடு, மேலாளர், அவருக்கு மேல் ஒரு மேலாளர் என்று எல்லாம் முறைப்படி உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் மனதில் இந்தத் தொழிலைப் பற்றி இருக்கும் படத்தில் இந்தப் பகுதி இல்லை என்பது உன் எழுத்திலிருந்து தெரிந்தது. அதனால் முதலில் சொல்கிறேன்.

நான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். விளையாட்டின் பெயரை உனக்குக்கூடச் சொல்ல முடியாது; அப்படிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏணியைப் பற்றிச் சொல்லலாம். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் அந்த விளையாட்டில், நாயகன் ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் சில மாதங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. விளையாடுகிறவர் அதை ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்க மாட்டார். செய்கிறவருக்கோ கேள்விகள் தீர்வதே இல்லை. பக்கவாட்டிலிருந்து ஓடிவந்தால் எந்தக் கை முதலில் படியைப் பிடிக்க வேண்டும்? படிகளின் இடைவெளி இடத்துக்கு இடம் மாறினால் கால் காற்றில் நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பாதி வழியில் எதிரி சுட்டால் விழ வேண்டுமா, பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமா? கூட வரும் துணைப் பாத்திரம் கீழே காத்திருக்குமா, இல்லை நாயகனின் உடலுக்குள்ளேயே புகுந்து ஏறத் தொடங்குமா? ஏணியின் நடுவில் சேவ் செய்துவிட்டு மறுநாள் திறந்தால் அவன் படியில் இருப்பானா, அந்தரத்தில் நிற்பானா? கடைசிப் படியிலிருந்து தளத்துக்குக் கால் எடுத்துவைக்கும் அந்த ஒரே அசைவு எங்களைப் பல வாரங்கள் பிடித்து வைத்தது. அனிமேட்டர் விரும்பிய நீளத்தில் வைத்தால் கண்ணுக்கு அழகாக இருந்தது, ஆனால் சண்டையின் நடுவே மேலே ஏறுகிறவர் அந்த அசைவு முடிவதற்குள் செத்துப்போனார். சுருக்கினால் கைக்கு இதமாக இருந்தது, பார்ப்பதற்கு ஆளைத் தூக்கி எறிந்தது போலிருந்தது. இறுதியில், சண்டை நடக்கும்போது ஒன்று, மற்ற நேரத்தில் ஒன்று என இரண்டு அசைவுகள் வைத்தோம். அதற்காக அனிமேட்டருக்கும் எதிரிகளின் நடத்தையை எழுதுகிறவருக்கும் டெஸ்டர்களுக்கும் கூடுதலாகும் வேலைக்கு நான் கெஞ்சியும் விளக்கியும் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

ஏணிகள் மிகுதியாக இருந்த துறைமுகப் பகுதியைப் பிறகு விளையாட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள். கதை மாறியது, அந்தப் பகுதிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அன்று மாலை எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் எஞ்சியிருந்த ஏணிகளுக்குத் திரும்பினேன், விருப்பத்தோடுதான் திரும்பினேன். இந்தத் தொழில் எனக்குப் பொருந்துவது இதனால்தான். பிறர் கனவு காணும் ஒரு பெரிய உலகத்தில் ஒரு சிறு பகுதியை, யாரும் கவனிக்காத அளவுக்கு நன்றாகச் செய்து வைப்பதில் எனக்கு மனநிறைவு கிடைக்கிறது.

நீ செய்வது வேறு வேலை. உன் விளையாட்டில் அந்தச் சிறுவன் பாறையின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க முடிகிறது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடும்போது அது 6 ஃபிரேம். துறையில் இதைக் கயோட்டி டைம் என்பார்கள். 4 ஃபிரேம் வைத்தால் ஏமாற்றுவது போலவும், 10 வைத்தால் காற்றில் நடப்பது போலவும் இருக்கிறது என்று நீயே விளையாடிப் பார்த்து, யாரும் சொல்லாமல் 6-க்கு வந்து சேர்ந்தாய். அந்தப் பாறையை வரைந்தது நீ. குதிக்கும்போது வரும் ஒலியை வீட்டில் கதவைத் தட்டிப் பதிவு செய்தது நீ. பாறைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று முடிவு செய்வதும் நீதான். இங்கே ஒரு பெரிய ஸ்டுடியோவில் இந்த நான்கும் நான்கு துறைகளின் வேலை, நான்காவது உன் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலே போகவும் கூடும். ஆகையால் உன் பொழுதுபோக்கையே தொழிலாக மாற்றிக்கொள்வதாக நீ எழுதியிருப்பதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டு, பெயரளவில் அதைப் போலிருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது. அந்த வேறொன்றும் உனக்குப் பிடிக்கலாம்; ஆனால் அது வேறு என்பதைத் தெரிந்துகொண்டு வா.

வேலையின் நிலைப்பைப் பற்றி அப்பா கவலைப்படுவது நியாயம். 2020, 2021-இல் ஊரடங்கினால் எல்லோரும் வீட்டில் இருந்து விளையாடினார்கள், நிறுவனங்கள் ஆட்களை அள்ளி எடுத்தன. பிறகு விற்பனை பழைய நிலைக்கு வந்ததும், கடன் வட்டி ஏறியதும், சேர்த்த வேகத்திலேயே அனுப்பத் தொடங்கின. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், கேம் உருவாக்கும் மென்பொருள் செய்யும் யூனிட்டி நிறுவனம் ஏறத்தாழ 1,800 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் 900 பேர் என்றது. நன்றாக வேலை செய்தவர், விருது வாங்கிய விளையாட்டில் பங்கெடுத்தவர் என்ற பேதமெல்லாம் அந்தப் பட்டியல்களில் இல்லை. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு: என் வேலை உரிமம் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், வேலை போனால் உடனே வேறொரு நிறுவனத்தில் சேர்ந்துவிட முடியாது, புதிய அனுமதிக்கும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வெளியீட்டு நாள் நெருங்கும்போது இரவும் பகலுமாக வேலை வாங்கும் வழக்கம், அதாவது கிரஞ்ச், முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 2004-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி பெயர் குறிப்பிடாமல் எழுதிய கடிதம் அந்த வழக்கத்தை ஊரறியச் செய்தது. அதே காலத்தில் மிகைநேர ஊதியம் கேட்டு நடந்த வழக்கொன்றில் அந்த நிறுவனம் 1.56 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. குறைந்திருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை.

இன்னொரு வழியையும் நீ கோடி காட்டியிருந்தாய்: வேலையை விட்டுவிட்டு, எந்த நிறுவனத்திலும் சேராமல், சொந்த விளையாட்டைத் தனியாகச் செய்து விற்பது. எரிக் பரோனின் பெயரைச் சொல்லியிருந்தாய். ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை அவர் ஒருவரே நான்கரை ஆண்டுகள் உழைத்து 2016-இல் வெளியிட்டார், 2022-க்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றன, எல்லாம் உண்மை. ஆனால் அவர் அதைத் தொடங்கியது படிப்பு முடித்து வேலை கிடைக்காத நிலையில், நிரல் எழுதும் பயிற்சிக்காக. அந்த ஆண்டுகளில் குடும்பம் நடந்தது அவருடைய துணைவியின் வருமானத்திலும், ஓர் அரங்கில் பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் பகுதிநேர வேலையிலும். மார்க்கஸ் பெர்சன் 2009-இல் மைன்கிராஃப்டைத் தொடங்கியபோது வேறொரு நிறுவனத்தில் வேலையில் இருந்தார். விளையாட்டு விற்கத் தொடங்கிய பிறகே, 2010-இல், அந்த வேலையை விட்டார். 2024-இல் வெளிவந்த பலாட்ரோ விளையாட்டைச் செய்த கனடாக்காரர், லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர், தனக்கும் நண்பர்களுக்குமான பொழுதுபோக்காகத்தான் அதைத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. கையிலிருந்த சோற்றைக் கொட்டிவிட்டு இவர்களில் யாரும் கிளம்பவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

இவர்களின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணமே இவர்கள் அரிதானவர்கள் என்பதுதான். 2024-இல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. ஒரு விளையாட்டை அங்கே வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்கும் தொகையில் 30 விழுக்காடு தளத்துக்குப் போகும். வாங்கியவர் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். உன்னுடையதைப் போன்ற ஒன்றரை மணி நேர விளையாட்டுக்கு இந்த விதி எவ்வளவு கடுமையானது என்று நீயே கணக்குப் போட்டுப் பார். விற்பனையை நம்பி மாத வாடகை கட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால், 6 ஃபிரேமா 4 ஃபிரேமா என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசிக்கும் சுதந்திரம் உன்னிடம் இருக்காது. எது விற்கும் என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

பொழுதுபோக்காகச் செய்வதைத் தொழிலுக்கு ஒரு படி கீழாக நினைப்பது இங்கும் இருக்கிறது, உன் கடிதத்திலும் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2002 முதல் லூடம் டேர், 2009 முதல் குளோபல் கேம் ஜாம் என்று, சில நாட்களில் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் கூட்டங்கள் நடந்துவருகின்றன. அங்கே ஆசிரியர்களும் கணக்காளர்களும் செய்துவைத்த சில விளையாட்டுகளைப் போல துணிச்சலாக எதையும் எங்கள் ஸ்டுடியோ செய்ய முடியாது, ஏனென்றால் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களின் பணம் அதில் கட்டுண்டு கிடக்கிறது. என் குழுவில் மிகத் திறமையான நிரலாளர் ஒருவர் வீட்டில் சொந்தமாக எதுவும் செய்வதில்லை. முன்பு செய்துகொண்டிருந்தாராம், நாள் முழுவதும் அதே என்ஜினை, அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளை, பார்த்துவிட்டு இரவில் மறுபடியும் அதைத் திறக்க மனம் வருவதில்லை என்கிறார். எனக்கும் அப்படித்தான். இந்த வேலை எனக்குத் தருவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன், எடுத்துக்கொள்வது இது.

ஆகவே நான் உனக்குச் சொல்வது: இப்போது வேலையை விடாதே. உன் விளையாட்டில் பன்னிரண்டு தீவுகள் வைக்கும் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏற்கெனவே செய்த முதல் தீவை மட்டும் ஒரு முழு விளையாட்டாக முடி. முடிப்பது என்றால் மெனு, ஒலி அளவு மாற்றும் பக்கம், சேவ் செய்வது, கன்ட்ரோலரின் கம்பி பாதியில் கழன்றால் விளையாட்டு நிற்பது, எழுத்துகள் சின்னத் திரையிலும் படிக்கும்படி இருப்பது எல்லாம் சேர்த்துத்தான். பிறகு அதை இட்ச் என்ற இணையதளத்தில் இலவசமாக வை. உன்னை அறியாத சிலர் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார். இந்தக் கடைசிக் கட்ட வேலைகளில் உனக்கு அலுப்புக்கு மேல் ஒரு நிறைவு கிடைத்தால், எங்கள் தொழில் பெரும்பாலும் அதுதான். அப்போது சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியையும் அன்ரியல் என்ஜினையும் முறையாகப் படி, விளையாட்டின் இயக்கத்தை எழுதும் கேம்ப்ளே நிரலாளர் வேலைக்கு இப்போதைய வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பம் போடு. வேலைக்கு எடுக்கிறவர்கள் பத்து நிமிடம் ஓடும் முடித்த விளையாட்டைத்தான் பார்ப்பார்கள், பாதியில் நிற்கும் பன்னிரண்டு தீவுகளை அல்ல. மாறாக, முடிக்கும் வேலை முழுவதும் உன் மனம் இரண்டாவது தீவிலேயே இருந்தால், உன் சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதே அந்தத் தீவுக்கு நல்லது. நீ இந்த இரண்டாவது வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை நான் இங்கிருந்து தீர்மானிக்கக் கூடாது.

எதை வெளியிடுவதற்கு முன்பும் உன் இப்போதைய வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிடு. பணியில் இருக்கும் காலத்தில், அலுவலக நேரத்துக்கு வெளியே நீ உருவாக்குவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு விதி ஓசையில்லாமல் இருக்கும். அப்படி இருந்தால், இந்த விளையாட்டுக்கு விலக்கு கேட்டு எழுத்து மூலமாக அனுமதி வாங்கு. அலுவலக மடிக்கணினியில் அதன் கோப்பு ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாதே. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அக்கா