சலங்கையில் ஒரு சென்சார் கட்டிப் பார்ப்போமே

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது பரதநாட்டிய நிகழ்ச்சி என்றாலே பின்னால் பெரிய எல்இடி திரை வந்துவிடுகிறது. அருவி ஓடும், மயில் பறக்கும், பிள்ளை ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இதைத் தொழில்நுட்பம் என்று கைதட்ட எனக்கு மனமில்லை.

1965-லேயே நியூயார்க்கில் அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவினர், ஆடுகிறவர்களின் அசைவை ஒளி சென்சார்கள் பிடித்து ஒலியைத் தூண்டும்படி மேடை அமைத்தார்கள். ஆட்டம்தான் கருவியை இயக்கியது.

பரதத்தின் அடிப்படை அசைவான நம் அடவுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கையிலெடுக்கும் மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகையிலேயே அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைச் சலங்கைக்கு மேலே கட்டினால், ஒவ்வொரு தட்டும் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று படித்து வெளிச்சத்தை மாற்றலாம். ஆனால் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக ஆடும்போது, வெளிச்சம் கொஞ்சம் பிந்தினாலும் தாளம் தப்பியது போலத் தெரியும், அதனால் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவரும் கணினி தெரிந்த பிள்ளையும் ஒத்திகையிலேயே சேர்ந்து உட்கார வேண்டும், மேடையேறும் அன்று வந்து ஒயர் மாட்டினால் சரிவராது.

இங்குள்ள நடன ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் வரும் பள்ளி விடுமுறையில் ஒருமுறை கூடிப் பேசுங்கள். கோயில் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்