செயலாளர் ஆண்டறிக்கை: பல்கலைக்கழக ஆலோசனைக் குழுவில் நம் ஊர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, தாமான் குடியிருப்புகளிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, மரண உதவி நிதி எல்லாம் தடையில்லாமல் நடந்தன. மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது. அதை நான் இங்கே படிக்கப் போவதில்லை. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்கள் 60 நாளுக்குள் போயாக வேண்டும். ஆகவே இன்று தேர்வாகும் செயலவையினர் அடையாள அட்டை நகலைக் கொடுத்துவிட்டுப் போகவும். போன தடவை அதற்காக வீடு வீடாக அலைய வேண்டியிருந்தது.

சரி, இனி முக்கியமான விஷயம். சென்ற பொதுக்கூட்டத்தின் முடிவுப்படி, ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலம் அமைத்த சமூக ஆலோசனைக் குழுவில் நம் சங்கம் இடம் பெற்றது. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கலாம் என்று வட்டாரப் பொதுமக்கள் தலைவர்களிடம் கேட்பதற்கான குழு அது. கூட்டக் குறிப்புகள் வெளியே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பல்கலைக்கழகத்தின் பெயரை இந்த அறிக்கையில் எழுதவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்துதானே வருகிறார்கள், நமக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று அன்றே ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. உலு கிந்தாவில் இருக்கும் ஈப்போ வளாகத்தையும் சேர்த்து மலேசியா முழுவதும் 27 வளாகங்கள் கொண்ட அந்தக் கழகம்தான் தொடக்கப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தருகிறது. பல்கலைக்கழகக் கல்வியியல் புலங்களில் படித்தவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுவதில்லையே. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் கணிதமும் அறிவியலும் வரலாறும் சொல்லித் தரப்போகிறவர் அங்கிருந்துதான் வருகிறார். அவர்களில் பலர் ஒரு தமிழ்ப்பள்ளிக்குள் கால் வைத்ததே இல்லை.

முதல் கூட்டங்கள் சம்பிரதாயமாகவே போயின. வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம். நம் பிரதிநிதிகளில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பத்து மணிக்கு அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் பள்ளி விடும் நேரத்தில் இங்கே பிள்ளைகளை யார் ஏற்றுவது? இன்னொருவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தாயார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. அங்கே திரையில் படம் போட்டு விளக்கம் கொடுத்தார்கள், கறிபாப் கொடுத்தார்கள், எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஆலோசனை கேட்க மட்டும் நேரம் இல்லாமல் போனது. குழுவை விட்டு விலகிவிடலாம் என்று செயலவையில் பேச்சு வந்ததை மறைக்க வேண்டியதில்லை. வேனோட்டி அண்ணன்தான், அவர்களை ஒரு சனிக்கிழமை நம் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வரச் சொல்லிப் பார்ப்போம், வராவிட்டால் விலகுவோம் என்றார். வந்தார்கள். அதற்காகப் புலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மண்டபத்தில்தான் கூடினோம். நம்மவர்களோடு, கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்தின் தலைவர், சீனப்பள்ளி வாரியத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், மேலே பூர்வகுடிக் கிராமத்திலிருந்து ஒரு தெமியார் பிரதிநிதி எல்லாரும் இருந்தார்கள். எதிர்பாராத ஒன்று நடந்தது. படிவம் ஒன்றுக்குப் போனதும் பிள்ளை வாய் திறப்பதில்லை என்று நம் பிரதிநிதியான அந்த ஆலைத் தாயார் சொன்னார். சீனப் பெரியவர் உடனே தலையாட்டினார். சீனப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் அப்படித்தான் என்றார். விடுதியில் சேர்த்த பிள்ளை சில வாரத்தில் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறது என்று தெமியார் பிரதிநிதி சொன்னார். அதுவரை ஆளுக்கொரு மனு வைத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று ஒரே விஷயத்தைப் பேசினோம்.

புகுமுக வகுப்பைப் பற்றி இளைய பெற்றோருக்காக ஒரு வரி. தமிழ், சீனப் பள்ளியில் ஆறாண்டு முடித்து, தேசிய மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளை ஓராண்டு அதில் இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்குப் போகும். அந்த ஓராண்டு மொழியைப் பிடிப்பதற்கான காலம். நடைமுறையில் அது பின்தங்கிய பிள்ளைகளை உட்கார வைக்கும் அறையாகப் பார்க்கப்படுகிறது, சில நேரம் ஆசிரியராலேயே. கணக்கில் கெட்டிக்காரப் பையன்கூட அந்த முத்திரையைச் சுமந்துகொண்டு திரிகிறான்.

அப்புறம், பள்ளிக்கூடங்களை நேரில் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி கிடைக்கத் தாமதமானாலும் விரிவுரையாளர்களும் பயிற்சி மாணவர்களும் வந்தார்கள். பட்டணத்தில் மகாத்மா காந்தி கலாசாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? பின்னாளில் மத்திய அமைச்சரான துன் சம்பந்தன் முயற்சியில் எழுந்து, 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த பள்ளி. ஆனால் அதை மட்டும் காட்டி அனுப்பினால் தமிழ்ப்பள்ளி என்றால் இப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே தோட்டத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனோம்.

அந்தப் பள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா விளக்கினார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையாகத் தொடங்கியது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியோ, ஆட்களை மேய்க்கும் கங்காணியோதான் வாத்தியார். சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது 530க்கும் குறைவு. பால்மரம் என்ற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ஆட்கள் வெளியேறினார்கள். இன்று அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும். நம் குடும்பங்கள் தாமானில் இருக்கின்றன. பிள்ளைகள் மட்டும் வேனில் ஏறி, தாத்தா பாட்டி விட்டு வந்த தோட்டத்துக்குத் தினமும் படிக்கப் போகிறார்கள்.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி. 30 பேரும் தேறாத இடத்தில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடக்கும். அன்று நாங்கள் போன பள்ளியில் ஆசிரியை ஒரு பக்கம் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, மறு பக்கம் திரும்பிச் சின்னவர்களுக்கு வாசிப்பு நடத்திக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் ஒருவர் வெகுநேரம் வாசலிலேயே நின்று பார்த்தார். இதற்கு எங்களிடம் பாடமே இல்லை என்று பிறகு சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கிளந்தானிலிருந்து வந்த ஒரு பயிற்சி மாணவி ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். பதிலே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியை சொல்ல, அந்தப் பெண் பேசுவதை விட்டுவிட்டுப் பலகையில் பின்னக் கணக்கொன்றை எழுதினார். பையன் போய் மளமளவென்று போட்டுவிட்டு வந்தான். படிவம் ஒன்றில் இவனை நான் கடைசி வரிசையில் விட்டிருப்பேன் என்று அந்த மாணவி சாப்பாட்டு வேளையில் எங்களிடம் சொன்னார். நாம் எழுதிக் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும்விட அந்தப் பலகைக் கணக்கு அதிக வேலை செய்தது என்பது என் கருத்து.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எந்த இனத்தவரானாலும் பயிற்சி மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன் தமிழ், சீன, பூர்வகுடிப் பள்ளிகளில் சில நாள் இருக்க வேண்டும் என்று குழு கூட்டாகக் கேட்டது. இப்போதைக்கு விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். விருப்பம் என்றால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள். கட்டாயமாக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புகுமுக வகுப்பை நடத்தத் தனிப் பயிற்சி தேவை என்றதற்குப் பரிசீலிக்கிறோம் என்று கடிதம் வந்தது. கூட்டு வகுப்பு விஷயம் ஆசிரியர் கல்விக் கழகத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதை நாம் நேரடியாக அங்கேயே கொண்டுபோகலாம்.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வழிவிடும் இருமொழிப் பாடத்திட்டத்தைப் பற்றியும் குழுவில் பேச வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுதியிருந்தீர்கள். 2016இலிருந்து நம்மவரிடையே அதற்கு ஆதரவும் இருக்கிறது, எதிர்ப்பும் இருக்கிறது. அதை முடிவு செய்வது கல்வி அமைச்சு. ஒரு புலத்தின் ஆலோசனைக் குழு அல்ல. ஆகவே செயலவை அதை எடுத்துப் போகவில்லை.

ஆலோசனை ஒரு வழிப் பாதையாகவும் இருக்கவில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வருகிறீர்களே, இடைநிலைப்பள்ளியில் ஏன் ஒருவரையும் காணோம் என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். ஷிஃப்டு, தூரம், மொழி என்று நாங்கள் காரணம் சொன்னோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே ஷிஃப்டும் அதே தூரமும் தமிழ்ப்பள்ளிக் கூட்டத்துக்கு நம்மைத் தடுக்கவில்லையே.

பேரவையின் முடிவுக்கு விடுவது இவை: குழுவுக்குப் போகும் பிரதிநிதிகளுக்குச் சங்க நிதியிலிருந்து பெட்ரோல் செலவும், சம்பளம் இழப்பவருக்கு ஈட்டுத்தொகையும் கொடுக்கலாமா? ஆலை வேலையிலுள்ள தாயார் அடுத்த ஆண்டு தொடர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு ஒருவர் வேண்டும். இன்னொரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், பிள்ளை வாய் திறக்காத விஷயத்தை அந்த மேசையில் முதலில் சொன்னவர் அவர்தான். படிவம் ஒன்றிலோ புகுமுக வகுப்பிலோ பிள்ளை இருக்கும் பெற்றோர், பள்ளியின் பெயரோடு தங்கள் பெயரையும் வாசலிலுள்ள தாளில் எழுதிவிட்டுப் போகவும். கூட்டத் தேதி தெரிந்ததும் நானே வாட்ஸ்அப்பில் நினைவூட்டுகிறேன்; யாருக்கு வண்டி இல்லையோ அவர்களை ஏற்றிச் செல்ல வேனோட்டி அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். பசியாறிவிட்டு வந்து பொருளாளர் அறிக்கையைத் தொடரலாம்.